செயலிக்குப் பணம் கிடைத்துவிடும். அதைக் கட்டிக் காக்கப் போவது யார்?

பாலிங்: 2025 ஜனவரி இறுதியில் ஸோஹோ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து ஸ்ரீதர் வேம்பு விலகி, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்பை ஏற்றார். நம்மவர்கள் அந்தச் செய்தியைப் பகிர்ந்தபோது, வேட்டி கட்டிய கோடீஸ்வரர், தென்காசிக் கிராமம், சைக்கிள் என்றுதான் பெரும்பாலும் பேச்சு இருந்தது. அவர் இடத்துக்கு யார் வந்தார் என்பதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

வந்தவர் ஷைலேஷ் குமார் தேவி. வெளியிலிருந்து பிடித்து வந்தவர் அல்ல; நிறுவனத்தின் இணை நிறுவனர்களில் ஒருவர், தொழில்நுட்பம் தெரிந்தவர். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தலைமைக்கு உள்ளேயே ஆள் இருந்தது.

பாலிங், கோல கெட்டில், கூப்பாங் பக்கத்து இளைஞர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இதுதான். இங்கே யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. டுரியான் விற்கும் செயலி, ரப்பர் விலையைச் சொல்லும் செயலி, பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி என்று பலர் பேசுகிறார்கள். பணத்துக்கும் வழி உண்டு. கிரேடல் நிறுவனத்தின் ஸ்பார்க் திட்டத்தில் 1,50,000 ரிங்கிட் வரை மானியம், தெக்குனில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன். எளிதில் கிடைக்காது என்றாலும் முயன்றால் கிடைக்கும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. நிறுவனம் தொடங்குபவருக்கு நிரல் எழுதத் தெரியாது. தெரிந்த ஒருவரிடம் மொத்தமாகப் பேசி, சில ஆயிரம் ரிங்கிட் கொடுத்துச் செயலியைச் செய்து வாங்குகிறார். ஆறு மாதத்தில் செயலி பழுதாகிறது. செய்தவர் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போயிருப்பார். சர்வரின் கடவுச்சொல்லும் அவரிடம்தான்.

சட்டம் இதில் நமக்கு ஓரளவு துணை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கூலி கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை சேரும் என்பதுதான் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் நிலை. ஆனால் கடவுச்சொல் இல்லாமல் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சர்வர், டொமைன், நிரல் சேமிப்புக் கணக்கு மூன்றையும் முதல் நாளே நிறுவனத்தின் மின்னஞ்சலில் திறப்பதற்குப் பெரிய செலவில்லை.

சரி, தொழில்நுட்பத் தலைவரை எங்கே தேடுவது? கூலிம் ஹைடெக் பார்க் பக்கத்தில்தானே இருக்கிறது என்பார்கள். 1996-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் இன்டெல், இன்ஃபினியன் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். ஆனால் சில்லுத் தொழிற்சாலைப் பொறியாளர் வேறு, மென்பொருள் எழுதுபவர் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் "ஐ.டி. படித்தவர்" என்று ஒருவரைப் பிடித்துப் பொறுப்பைக் கொடுத்தால் இருவருக்கும் கஷ்டம்.

ஃபிரெஷ்வொர்க்ஸ் கதை இங்கே உதவும். 2010-இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சேர்ந்து தொடங்கினார்கள். ஷான் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றார். இருவரும் அதற்கு முன்பே ஸோஹோவில் வேலை செய்தவர்கள். விளம்பரம் போட்டுக் கிடைத்த உறவல்ல அது. 2021-இல் நிறுவனம் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது.

அப்படிப் பழகிய ஆள் இல்லாதவர் பழகித்தான் பார்க்க வேண்டும். இரண்டு வாரச் சிறு வேலை ஒன்றைக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லலாம். செய்ததை நம் அம்மாவுக்குப் புரியும்படி அவரால் விளக்க முடிகிறதா என்று பார்க்கலாம். நான் இதைத்தான் பெரிய தேர்வாக நினைக்கிறேன். நிரலின் தரத்தை மட்டும் அனுபவமுள்ள வேறொருவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

சம்பளத்தில் சிங்கப்பூரோடு போட்டி போட முடியாது. அதனால் பங்கு கொடுக்கிறோம். அங்கேயும் அவசரம். 20 விழுக்காடு என்று பேசினால், முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வெளியூர்களில் வழக்கம் வேறு: நான்கு ஆண்டுகளில் பிரித்துக் கொடுப்பது, முதல் ஆண்டு முடியுமுன் போனால் ஒன்றும் இல்லை. ஓராண்டு முடித்தால் 5 விழுக்காடு அவருடையது. மீதி, இருந்து உழைத்தால் வரும்.

வேலையில் சேர்ந்தபின் நிர்வகிப்பது எப்படி? வாரம் ஒருமுறை, ஓடுகிற நிலையில் ஏதாவது ஒன்றைக் கைப்பேசியில் காட்டச் சொல்வது போதும். "முக்கால்வாசி முடிந்தது அண்ணே" என்ற பதிலை இரண்டு வாரத்துக்கு மேல் ஏற்கக் கூடாது. அதேபோல், நடுவில் தினமும் புது வசதி கேட்டுத் தொல்லை கொடுப்பதும் நிறுவனர் செய்கிற தவறு. நன்றாக நிரல் எழுதுபவர் எல்லாம் நல்ல தலைவர் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாவது ஆளை வேலைக்குச் சேர்த்து, அவருக்கு இவர் கற்றுக்கொடுக்கிறாரா, எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்கிறாரா என்பதில் அது தெரிந்துவிடும்.

ஸோஹோ 2005 முதல் பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. பாலிங்கில் ஒரு சிறு நிறுவனம் அந்த அளவுக்குச் செய்ய முடியாது. ஆனால் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பியையோ தங்கையையோ பயிற்சிக்கு எடுத்து, தலைவரின் பக்கத்தில் உட்காரவைக்க முடியும்.

நண்பனிடம் போய் ஒப்பந்தம் கேட்பதா என்று நம்மில் பலர் கூச்சப்படுகிறார்கள். கூட்டுப் பணம் பிடிக்கும் நம் அத்தைமார்கள், இருபது வருடம் பழகியவர் பெயரையும் நோட்டில் எழுதித்தான் வைக்கிறார்கள்.