பத்தாவது ஃபெயில்: மாற்று வழி பின்வாசலாகிவிடக் கூடாது

ஓசூர் பக்கம் ஒட்டப்படும் 'ஆட்கள் தேவை' சுவரொட்டிகளில் 'பத்தாவது பாஸ்/ஃபெயில்' என்ற வரி சாதாரணம். பாஸும் ஃபெயிலும் ஒன்றுதான் என்பதுபோல் அது தோன்றும். சிப்காட் கேட்டுக்குள் போனால் வேறுபாடு தெரியும். டிப்ளமோ முடித்தவர் டிரெய்னி, ஐடிஐ முடித்தவர் அப்ரண்டிஸ். பத்தாவது ஃபெயில் என்றால் கான்ட்ராக்டரிடம் நாள்கூலி: லோடிங், ஹவுஸ்கீப்பிங், கேண்டீன். அந்தக் கடைசி வரிசையில் ஊர்த்தெருப் பிள்ளைகள் அதிகமா, காலனிப் பிள்ளைகள் அதிகமா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண். நான்கில் நன்றாக எழுதி, கணக்கில் மட்டும் 30 எடுத்தாலும் ஃபெயில்தான். இந்த எல்லைப் பகுதியில் இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் பிள்ளைகள் இங்கே ஏராளம். தெலுங்கு, கன்னடம் பேசும் அருந்ததியர் குடும்பங்களும் அதில் அடக்கம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி 2015-16 முதல் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் கட்டாயமானபோது, சிறுபான்மை மொழிப் பள்ளிகளின் மாணவர்கள் விலக்குக்காக நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ஓராண்டுக்கு நீட்டித்தது. தமிழ் வேண்டாம் என்பதல்ல வாதம். போதுமான ஆசிரியரைத் தராமல் தாளை மட்டும் கட்டாயமாக்கினால், தோற்பது மொழியல்ல, பிள்ளை.

'தேர்வில்லாமல் சான்றிதழா? தரம் என்னாவது?' என்பார்கள். 2020இல் கொரோனா வந்தபோது இதே அரசுதான் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டு, 9 லட்சத்துக்கும் அதிகமான பத்தாம் வகுப்பு மாணவர்களைத் தேர்ச்சி பெறச் செய்தது. தரம் சாய்ந்து தமிழ்நாடு மூழ்கிவிடவில்லை. எல்லோருக்கும் ஆபத்து என்றபோது சாத்தியமான மாற்று மதிப்பீடு, ஏழைப் பிள்ளைக்கு மட்டும் ஆபத்து என்றால் ஏன் சாத்தியமில்லை?

நீட்டுக்கு எதிராக நாம் சொல்லும் வாதமும் இதுதான்: பல ஆண்டுப் படிப்பை ஒரு நாளின் மூன்று மணி நேரம் அளந்துவிட முடியாது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு அறிக்கையைக் கையில் ஏந்தும் நாம், பத்தாம் வகுப்பு வாசலில் நின்று மட்டும் மௌனம் காக்க முடியாது.

வழிகளே இல்லை என்று சொல்லவில்லை. துணைத் தேர்வு இருக்கிறது, தனித்தேர்வர் முறை இருக்கிறது. எட்டாவது தகுதியில் ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணைச்சான்றும் கிடைக்கிறது. ஆனால் பத்தாவதில் தேறாதவர் கையில் இருப்பது எட்டாவது தகுதிதான். அதற்கு வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளே திறந்திருக்கின்றன. ஓசூர் ஆலைகள் தேடும் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் பிரிவுகளுக்குப் பத்தாவது தேர்ச்சி வேண்டும்.

இங்கே ஒரு பழைய பாடத்தை நினைவில் வைக்க வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியே பட்டம் பெற்றார்கள். 2009 ஆகஸ்ட் 18ஆம் நாளிட்ட அரசாணை 107, பத்தாவதும் பன்னிரண்டாவதும் முறையாக முடித்த பிறகு பெற்ற பட்டமே அரசு வேலைக்குச் செல்லும் என்றது. கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு, உட்கார நாற்காலி இல்லை என்றார்கள். மாற்று வழி தருகிற சான்றிதழுக்கு மதிப்புக் குறைவு என்றால் அது வழியல்ல, பின்வாசல்.

இன்னொரு ஆபத்து, 'படிப்பு வராதவனுக்குத் தொழில்' என்ற பேச்சு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டத்தைக் குலக்கல்வி என்று அடையாளம் கண்டு விரட்டிய மண் இது. தொழிற்கல்வி எந்தப் பிள்ளையும் விரும்பித் தேர்வதாக இருக்கட்டும். தோற்றவருக்கான தண்டனையாக இருந்தால் அது புதிய குலக்கல்விதான்.

அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், 2023-24 முதல் கர்நாடகம் 'துணைத் தேர்வு' என்ற பெயரையே எடுத்துவிட்டது. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள், எதில் அதிக மதிப்பெண்ணோ அதை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடும் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் கைவிட்டிருக்கிறது. அடுத்த அடியை எடுத்து வைப்பது கடினமல்ல.

ஒன்றிரண்டு பாடங்களில் தவறியவருக்கு 2020இன் அளவுகோலைக் கொண்டு பள்ளி மதிப்பீட்டின்படி தேர்ச்சி. எந்த வழியில் வந்தாலும் வேறுபாடு காட்டாத ஒரே சான்றிதழ். எல்லா ஐடிஐ பிரிவுகளிலும் சேர இணைப்புப் பயிற்சி, அதற்கு உதவித்தொகை. அரசாணை 107இன் மறுபரிசீலனை. இந்த நான்கையும் மாணவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே கேட்க வேண்டும். பள்ளி யாரை ஃபெயில் என்று வெளியே அனுப்புகிறதோ அவரைத்தான் கான்ட்ராக்டர் மலிவாக எடுத்துக்கொள்கிறார். எனவே இது கல்விக் கோரிக்கை மட்டுமல்ல, கூலிக் கோரிக்கையும்கூட.