மோட்டார் சைக்கிளை விற்ற விமானி

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



பெலகொண்டப்பள்ளி பக்கம் ஒரு குட்டி விமானம் தாழப் பறந்தால் போதும், ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்க்கிற கூட்டம் நாம். அதனால் ஒரு விமானியைப் பற்றி எழுதினால் படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வான்போரில் ஐந்து எதிரி விமானங்களையாவது வீழ்த்தியவரை 'ஏஸ்' என்பார்கள். முதல் உலகப் போரில் அந்தப் பெயரை வாங்கிய இந்தியர் இந்திரலால் ராய். 1898 டிசம்பர் 2-ல் கல்கத்தாவில் பிறந்தவர், லண்டனில் படித்தவர். விமானப் படைக்கு மனுப்போட்டபோது கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மனுஷன் சும்மா இருக்கவில்லை. தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் டாக்டர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். பார்வை நன்றாக இருக்கிறது என்று சர்டிபிகேட் வந்தது. 1917 ஜூலையில் அதிகாரியாகச் சேர்ந்தபோது வயது 18. நம்ம வயசு!

அதே டிசம்பரில் விமானம் விழுந்து பலத்த அடி. மறுபடியும் 'தகுதியில்லை' என்றார்கள். படுத்திருந்த நாட்களில் விமானங்களாக வரைந்து தள்ளினார். (டிராயிங் ஹாலில் ஷீட்டைப் பார்த்ததும் தூக்கம் வருகிறவர்கள் கவனிக்க!) நச்சரித்துத் திரும்பவும் களத்துக்குப் போனார். 1918 ஜூலையில் 13 நாட்களுக்குள் 10 வெற்றிகள். ஜூலை 22-ல் பிரான்சில் கார்வின் மேலே சண்டையில் இறந்தார். 19 வயசுதான். டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் விருது இறந்த பிறகே வந்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அவருடைய உறவினர் சுப்ரதோ முகர்ஜிதான் பிற்பாடு நம் விமானப்படையின் முதல் இந்தியத் தலைவர்.

அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஆரம்பத்தில் பொருத்திய கியர் வைத்த இஸ்பானோ-சூய்சா எஞ்சின்கள் பலவற்றில் கியருக்கு ஹீட் ட்ரீட்மென்ட் சரியாக இல்லை, உடைந்து தொல்லை கொடுத்தன. கியரே இல்லாத வைப்பர் எஞ்சின் வந்த பிறகுதான் நிலைமை தேறியது. ஹார்டனிங், டெம்பரிங் என்று மனப்பாடம் பண்ணுகிறோமே, அங்கே அது பைலட்டின் உயிர்.

"வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய்ச் செத்தவனை எதுக்குடா தூக்கிப் பிடிக்கிறே?" என்று ஹாஸ்டலில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அவர் இறந்த ஒன்பதாவது மாதத்தில் அதே வெள்ளைக்காரன் ஜாலியன்வாலா பாக்கில் சுட்டான். வீழ்ந்த விமானங்களிலும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான் இருந்தார்கள். ஆகவே 10 என்ற கணக்கை நான் கொண்டாட வரவில்லை. என்னை உறுத்துவது அந்த மோட்டார் சைக்கிள்.

அவருடைய அப்பா பாரிஸ்டர். விற்பதற்கு ஒரு வண்டி இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு எக்ஸ்எல் இருக்கிறது. அதில்தான் அப்பா விடியற்காலையில் தக்காளிக் கிரேட்டைக் கட்டிக்கொண்டு ராயக்கோட்டை மண்டிக்குப் போகிறார். அதை விற்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. போன மாதம் ஒரு கம்பெனியில் எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ இரண்டும் தேறி, மெடிக்கலில் 'பவர் அதிகம்' என்று என்னை அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி போட்டால் வெர்னியர் கோடு எனக்குப் பளிச்சென்று தெரியும். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. விடாமுயற்சி வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் இரண்டாவது டாக்டருக்கும் ஃபீஸ் உண்டே!

மாணவர் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழா பிளெக்ஸ் செலவில் கொஞ்சம் குறைத்து ஒரு நிதி ஒதுக்குங்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் எல்லோருக்கும் கண் பரிசோதனை, மெடிக்கலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இன்னொரு டாக்டரிடம் மறுபரிசோதனை. இவ்வளவுதான். பட்டியல் எழுத உட்கார்ந்தால் முதலில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவதாக எலக்ட்ரிக்கலில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், அவளும் சம்மதம் சொல்லிவிட்டாள்.