ஒன்பதாம் மாத ஓய்வு தனிக் கணக்கில் வரட்டும்

ஒன்பதாம் மாதம் பிறந்த பிறகும் வேலைக்குப் போய்வரும் பெண்ணிடம் ‘எப்போதம்மா லீவு போடப் போகிறாய்?’ என்று கேட்காதவர்கள் குறைவு. மேலாளர் கேட்கிறார், மாமியார் கேட்கிறார், தினமும் ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரரும் கேட்கிறார். பல பெண்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘முடிந்தவரை தள்ளுகிறேன்; இப்போதே எடுத்துவிட்டால் பிள்ளை பிறந்த பிறகு நாள் குறைந்துவிடும்.’ உடம்பு என்ன சொல்கிறது என்பதைவிட, விடுப்பில் எத்தனை நாள் மிஞ்சும் என்பதே ஒரு கர்ப்பிணியின் கடைசி வேலைநாளை முடிவு செய்கிறது. இந்த நிலை மாற வேண்டும்.

கோளாறு சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. அது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்துத்தான் அந்த 26 வாரங்கள். முன்னதாக எட்டு வாரம் வரை எடுக்கலாம். எடுத்தவருக்குப் பிள்ளை பிறந்த பின் 18 வாரங்களே மிஞ்சும். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்கு மொத்தமே 12 வாரம்தான். 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே தொடர்கிறது.

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் முதல் கிராமச் சுகாதாரச் செவிலியர் வரை அனைவரும் சொல்கிறார்கள். ஆறு மாதம் என்பது ஏறக்குறைய 26 வாரம். அதைக் கழித்துவிட்டால், நிறைமாதத்தில் தாய் ஓய்வெடுக்கச் சட்டம் ஒதுக்கியிருப்பது ஒரு நாள்கூட இல்லை.

வலி வரும்வரை வேலை செய்வதே எல்லோருக்கும் ஆபத்து என்று மருத்துவம் சொல்லவில்லை. சிக்கலற்ற கர்ப்பமும் உட்கார்ந்து செய்யும் வேலையும் வாய்த்தவர்கள் பிரசவத் தேதி நெருங்கும்வரை பணியாற்ற முடியும். நீண்ட நேரம் நிற்பது, கனம் தூக்குவது, இரவு ஷிப்ட் பார்ப்பது ஆகியவைதான் குறைப்பிரசவ அபாயத்தோடு தொடர்புள்ளவையாக ஆய்வுகளில் அறியப்பட்டவை. தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்று ரத்த அழுத்தம் எச்சரிக்கை காட்டினால் அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகளோ நூற்றில் ஐந்து அளவுக்குத்தான். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரு கடைசி நாளை யாராலும் குறிக்க முடியாது.

ஜவுளிக் கடையின் விற்பனைப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மேல்தட்டிலிருந்து சேலைகளை இறக்குவது, ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவது, வாடிக்கையாளர் நகர்ந்ததும் அத்தனையையும் மடித்து அடுக்குவது: முழுக்க நின்றபடியே நடக்கும் வேலை. இவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொல்லவே தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கர்ப்பிணிகளுக்கோ 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஒரு பாதுகாப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரங்களிலும், அதற்கு முந்தைய ஒரு மாதத்திலும் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது. ஆனால் அந்தப் பெண் கோரினால்தான் அது செல்லும். கேட்டால் வேலையே போய்விடுமோ என்று அஞ்சுபவர் எப்படிக் கேட்பார்?

அதற்காக எட்டாம் மாதத்தோடு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் தீர்வாகாது. பாதுகாப்பின் பெயரால் பெண்களை வெளியே நிறுத்திய வரலாறு நீளமானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கர்ப்பிணி ஆசிரியைகள் பிரசவத்துக்கு ஐந்து மாதம் முன்பே பணியை விட்டுப் போக வேண்டும் என்றிருந்த விதியை, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1974-இல் ரத்து செய்தது. இந்தியாவிலும் மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமான பெண்கள் புதிதாகப் பணியில் சேர ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்’ என்று ஸ்டேட் வங்கி விதி வகுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகே 2022 ஜனவரியில் அது கைவிடப்பட்டது.

இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்றை ஜெர்மனி காட்டுகிறது. அங்கே பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் எட்டு வாரம் என்று பாதுகாப்புக் காலம் தனித்தனியாக உள்ளது. அந்த ஆறு வாரத்திலும் வேலை செய்ய விரும்பும் பெண் செய்யலாம். முடியவில்லை என்றால் எந்த நாளிலும் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பிள்ளை தாமதமாகப் பிறந்தாலும் பின்னுள்ள எட்டு வாரத்தில் கை வைப்பதில்லை.

மாதச் சம்பளம் பெறுவோரைவிட நாள்கூலிப் பெண்களின் நிலை கடினம். கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏறும் சித்தாளுக்கு விடுப்புக் கணக்கே கிடையாது. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை, அவ்வளவுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் தருவது தமிழ்நாடு பெருமைப்படத்தக்க ஏற்பாடு. ஆனால் முதல் தவணைப் பணம் நான்காம் மாதத்தில் வருகிறது. அடுத்தது பிள்ளை பிறந்த பிறகுதான். சுமை தூக்கக் கூடாத கடைசி மூன்று மாதங்களில் கையில் காசு வருவதில்லை.

பிரசவத்துக்கு முந்தைய ஓய்வுக்கென்று இன்னும் விடுப்பைக் கூட்டினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவோம் என்று முதலாளிகள் சொல்வார்கள். சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை இது நியாயமான கவலை. 26 வார ஊதியத்தை ஒரே முதலாளி தலையில் ஏற்றியது 2017 திருத்தத்தின் குறை. இதற்கு விடையும் நம்மிடமே இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரைக் காக்கும் இஎஸ்ஐ திட்டத்தில், முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்தும் பொது நிதியிலிருந்து மகப்பேறு ஊதியம் வழங்கப்படுகிறது. ஆண்களை மட்டும் வைத்திருக்கும் நிறுவனமும் அதற்குப் பங்கு தருகிறது. அந்த ஏற்பாட்டை மற்ற ஊழியர்களுக்கும் விரிக்க வேண்டும்.

ஆகவே மத்திய அரசு செய்ய வேண்டியவை மூன்று. 26 வாரங்களைத் தொடாமல், பிரசவத்துக்கு முன் நான்கு வார ஊதிய விடுப்பைத் தனியே சேர்க்க வேண்டும். அதை எடுப்பதும் எடுக்காததும் பெண்ணின் விருப்பமாக இருக்க வேண்டும்; எடுக்காத நாட்களைப் பின்னால் சேர்த்துத் தரும் ஏற்பாடு கூடாது, தந்தால் பழையபடி தள்ளிப்போடுவார்கள். கடைசிப் பத்து வாரங்களில் கோரிக்கைக்குக் காத்திராமல், ஊதியம் குறையாமல் இலகுவான வேலை தருவது முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்ல வேண்டும்.

மாநில அரசின் பங்கு இன்னும் எளிது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழாம், எட்டாம் மாதங்களுக்கென்று ஒரு தவணையைச் சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.