வெந்நீரில் கரைத்தால் அது சூப் ஆகாது

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சி முடித்து உட்கார்ந்திருந்தோம். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஆரம்பித்தார். "என்ன முசே, காளான் சூப்புக்காக ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நிற்கிறீங்களாமே? கடையில் பாக்கெட் இருக்கு, மூணு நிமிஷ வேலை!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நானும் பாக்கெட் கட்சியில் இருந்தவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு கூடியது. உப்பைக் குறையுங்கள், இரவில் லேசாகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். சூப்பை விட லேசானது எது? தினமும் இரவு பாக்கெட்டைப் பிரித்து, வெந்நீரில் கரைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று மாதம் போயிற்று. கொதிப்பு இறங்கவில்லை. "ஊறுகாய், அப்பளம் ஏதாவது?" என்று டாக்டர் துருவினார். இல்லவே இல்லை என்றோம். மாத்திரையைக் கூட்டினார்.

அன்றிரவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். வாழ்நாளெல்லாம் கோப்பு படித்தவனுக்கு அதற்கு மூன்று மாதம் ஆயிற்று! நம் நாட்டுச் சட்டப்படி, எது அதிகமோ அதை முதலில் போட்டு, இறங்கு வரிசையில் பொருள்களை எழுத வேண்டும். முதலில் மாவு. பிறகு சர்க்கரை, உப்பு. அதற்கெல்லாம் பின்னால்தான் காளான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டி. நானோ மருந்து கொடுப்பதாக நினைத்து உப்புத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். "நீங்க ஆசையாத்தானே கொடுத்தீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பிரஞ்சு மீடியத்தில் படித்த சிறுவயதில், பக்கத்து வீட்டு மதாமின் கரியடுப்பில் எப்போதும் ஒரு பானை முனகிக்கொண்டிருக்கும். எலும்பு, கேரட் நுனி, வெங்காயத் துண்டு எல்லாம் அதில் போகும். அதுதான் புய்யோன். இப்போது டி.வி. சமையலில் ஸ்டாக் என்கிறார்கள். பிரஞ்சு சமையல்காரர்கள் அதற்கு வைத்த இன்னொரு பெயர் 'ஃபோன்', அதாவது அடித்தளம். அடித்தளம் இல்லாமல் வீடு கட்டி வெள்ளையடிப்பதுதான் பாக்கெட் சூப்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1880-களில் ஸ்விட்சர்லாந்தில் ஜூலியஸ் மாகி சூப் பொடி செய்தது, சமைக்க நேரமில்லாத ஆலைத் தொழிலாளர்களுக்காக. அது உண்மையான தேவை. இன்றும் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்ணிடம் நான் வாதாட மாட்டேன். ஆனால் பென்ஷன் வாங்கும் நமக்கு என்ன அவசரம்? எந்தக் கோப்பு காத்துக்கொண்டிருக்கிறது?

"அது வெள்ளைக்காரன் சாப்பாடு, அதற்கு ஏன் இத்தனை பாடு?" என்பார் நண்பர். பருப்புத் தண்ணீரை வடித்து வைத்து ரசம் கூட்டும் நமக்குத் தெரியாத வித்தையா இது? பொடியை வெந்நீரில் கரைத்து, ரசம் என்று அவர் இலையில் ஊற்றினால் சும்மா இருப்பாரா?

நால்வருக்குச் செய்முறை இதுதான். 400 கிராம் மொட்டுக் காளானைத் துடைத்து, தண்டுகளைத் தனியாக எடுங்கள். தண்டுகள், 2 வெங்காயம், 2 கேரட், 4 பல் பூண்டு, 10 மிளகு, கொத்தமல்லித் தண்டு ஒரு பிடி. இவற்றை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட்டு வடிகட்டுங்கள். முட்டைக்கோஸ் வேண்டாம், நாறும். பீட்ரூட் வேண்டாம், சிவக்கும். உப்பு இப்போது போடவே கூடாது. அசைவக்காரர்கள் கோழி எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, பொங்கும் நுரையை எடுத்துவிட்டு, கூடுதல் நேரம் வைக்கலாம்.

அகலமான வாணலியில் 2 ஸ்பூன் வெண்ணெய் விட்டு, நறுக்கிய காளானைப் போடுங்கள். காளானில் பெரும்பங்கு தண்ணீர்தான். அது முதலில் நீர் விடும், பிறகு சுண்டும், அதற்கப்புறம்தான் சிவக்கும். அந்தச் சிவப்பில்தான் ருசி. இங்கே அவசரப்பட்டவர்களுக்கு வெந்த காளான் கிடைக்கும், சூப் கிடைக்காது. சிவந்ததும் சாற்றை ஊற்றி, வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றைச் சேர்த்துப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். பாதியை அரைத்து மீண்டும் கலந்தால் சோளமாவு இல்லாமலே கெட்டியாகும். இறக்கும்போது அரை டம்ளர் பால், மிளகுத்தூள், நால்வருக்கும் சேர்த்துக் கால் ஸ்பூன் உப்பு. சாறு சரியாக இருந்தால் அதற்கு மேல் நாக்கு கேட்காது.

இப்போது எங்கள் வீட்டில் இதுதான். சூப்பே கொதிப்பைக் குறைத்தது என்று சொல்ல மாட்டேன், மாத்திரையும் தொடர்கிறது. ஆனால் அவள் கையில் கொடுக்கும் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நண்பருக்கு அழைப்பு: வரும் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வரட்டும், பாக்கெட்டையும் கொண்டு வரட்டும். இரண்டு கிண்ணத்தையும் அவர் முன் வைக்கிறேன். தீர்ப்பு அவருடையது. உப்பு டப்பா மட்டும் மேசையில் இருக்காது.