இன்ஜின் ஆயில் மாத்தியாச்சு... கியர் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?

கடைசியாக காரை சர்வீஸ் விட்டபோது கொடுத்த பில் வீட்டில் இருந்தால், ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், வாட்டர் வாஷ் என்று வரிசையாக இருக்கும். கியர் ஆயில் என்று ஒரு வரி இருக்கிறதா? பல பில்களில் இருக்காது. அதற்கு முந்தைய பில்லிலும் இருக்காது. ஏழெட்டு வருடம் ஓடிய கார்களில்கூட, ஃபேக்டரியில் ஊற்றிய அதே ஆயில் கியர்பாக்ஸுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது உண்டு.

காரணம் எளிது. கியர் ஆயில் எரியாது. லீக் இல்லையென்றால் குறையவும் குறையாது. டேஷ்போர்டில் இதற்கென்று விளக்கு கிடையாது. பானெட்டைத் திறந்தால், இன்ஜின் ஆயிலுக்கு இருப்பதுபோல இழுத்துப் பார்க்க ஒரு குச்சியும் பெரும்பாலான கார்களில் கிடையாது. கண்ணில் படாத பொருள், ஞாபகத்திலும் நிற்பதில்லை.

பைக் பழக்கம் காருக்கு உதவாது

நம் ஊரில் பலரும் பைக்கிலிருந்து காருக்கு வந்தவர்கள். இன்றைய பைக்குகள் பலவற்றில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அதை மாற்றினால் எல்லாம் மாறிவிடும். அந்தப் பழக்கத்திலேயே, 'ஆயில் மாத்தியாச்சு' என்றால் கார் முழுவதற்கும் மாற்றியாகிவிட்டது என்று மனது எடுத்துக்கொள்கிறது. பழைய பஜாஜ் சேட்டக் ஓட்டிய அப்பா, தாத்தாக்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில் தனி, கியருக்கு ஊற்றும் ஆயில் தனி. காரும் அந்தக் கதைதான்: இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறோர் ஆயில்.

'என் கார் ஏஎம்டி, கிளட்ச் பெடலே இல்லையே' என்பவர்களும் தப்ப முடியாது. 2014-ல் மாருதி செலிரியோ மூலம் இந்தியாவில் பிரபலமான ஏஎம்டி கார்களில், உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மனிதருக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அதற்கும் கியர் ஆயில் உண்டு.

எரியாத ஆயில் எப்படிக் கெடுகிறது?

கியர்பாக்ஸுக்குள் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்துத்தான் சுற்றுகின்றன. கியர் லிவரைத் தள்ளும்போது, அவற்றில் ஒன்று அச்சோடு பூட்டப்படுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அந்த வேலையைச் செய்பவை சிங்க்ரோனைசர் வளையங்கள். பல கார்களில் இவை பித்தளை வகை உலோகத்தில் இருக்கும். கியர் போடும் ஒவ்வொரு முறையும் இந்த வளையம் ஒரு குட்டி பிரேக் மாதிரி உரசிப் பிடித்து, வேகத்தைச் சமன் செய்து, பிறகு கியரை உள்ளே விடுகிறது. 1928-ல் கெடிலாக் நிறுவனம் இதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. இந்த வசதி இல்லாத பழைய லாரிகளில்தான் டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' அடித்து கியர் மாற்றினார்கள்.

உரசும் இடத்தில் தேய்மானம் இருக்கும். பித்தளைத் தூளும் இரும்புத் தூளும் ஆயிலில் கலக்கும். இன்ஜின் ஆயிலை வடிகட்ட ஃபில்டர் இருக்கிறது. மேனுவல் கியர்பாக்ஸ் பெரும்பாலானவற்றில் அது இல்லை. தூள் உள்ளேயே சுற்றும். இன்னொரு பக்கம், பற்கள் நசுக்கி நசுக்கி ஆயிலின் கெட்டித்தன்மை குறையும். சூட்டில் அதில் கலந்திருக்கும் ரசாயனங்களும் வலுவிழக்கும். ஆயிலின் அளவு அப்படியே இருக்கும், ஆனால் காக்கும் சக்தி குறைந்துகொண்டே வரும்.

தப்பான ஆயில், பழைய ஆயிலைவிட மோசம்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் 'கியர் ஆயில் ஒரு லிட்டர்' என்று கேட்டால், கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். டப்பாவில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கெட்டித்தன்மை. 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்று போட்டிருக்கும். இந்த எண்களை இன்ஜின் ஆயில் எண்களோடு ஒப்பிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 90 என்று போட்ட கியர் ஆயில், 40 அல்லது 50 என்று போட்ட இன்ஜின் ஆயிலின் கெட்டித்தன்மைக்கு அருகில்தான் இருக்கும்.

இரண்டு, ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்ற குறியீடு. ஐந்து என்பதால் நான்கைவிட உசத்தி என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. ஜிஎல்-5 ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் சார்ந்த சேர்மானங்கள் அதிகம். நம் மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சொல்லும் பின் அச்சு டிஃபரென்ஷியலின் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காக வந்த ரகம் அது. ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் அதை ஊற்றினால், சில வகை ஆயில்கள் பித்தளை வளையத்தை அரிக்கலாம். வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யலாம். விளைவு, புது ஆயில் ஊற்றிய பிறகும் கியர் 'கரகர' என்று விழும்.

சில கார்களுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. ஹோண்டா தன் மேனுவல் கார்களுக்கு எம்டிஎஃப் என்ற தனி ஆயிலைச் சொல்கிறது. வேறு சில நிறுவனங்களின் கியர்பாக்ஸ்கள் ஆட்டோமேட்டிக் காருக்கான ஏடிஎஃப் ஆயிலில் ஓடுகின்றன. ஆகவே, எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்ற கேள்விக்கு ஒரே பதில், டேஷ்போர்டு டிராயரில் பிரிக்காமல் கிடக்கும் அந்த ஓனர்ஸ் மேனுவல்தான்.

பொலிரோ, ஈகோ போன்ற பின் சக்கர இயக்க வண்டிகளில் கிரவுனுக்குத் தனி ஆயில் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. முன் சக்கர இயக்கக் கார்களில் பொதுவாக டிஃபரென்ஷியலும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில் இருக்கும்.

கியர் கடினமா... ஆயிலா, கிளட்ச்சா?

காலையில் வண்டி எடுக்கும்போது இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது, கியர் மாற்றும்போது உரசும் சத்தம், ஓடும்போது கேட்கும் மெல்லிய ஊளைச் சத்தம், நிறுத்திய இடத்தில் எண்ணெய்ப் பொட்டு... இவை கியர்பாக்ஸைக் கவனிக்கச் சொல்லும் அறிகுறிகள். ஆனால், எல்லாப் பழியையும் ஆயில் மேல் போட முடியாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் கிளட்ச்சை முழுதாக மிதித்தும் கடினமாக இருந்தால், கிளட்ச் சரியாக விடவில்லை என்று சந்தேகிக்கலாம். அதற்கு ஆயில் மாற்றிப் பயனில்லை. ஏற்கெனவே தேய்ந்துபோன வளையத்தையும், சத்தம் போடும் பேரிங்கையும் புது ஆயில் பழையபடி ஆக்கிவிடாது. தேய்வதற்கு முன் மாற்றினால்தான் லாபம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை. மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், பக்கத்தில் நின்று இவற்றைப் பார்க்கலாம்.

1. வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகு மாற்றினால், ஆயில் இளகி, தூளோடு சேர்ந்து வடியும். கை சுடும் அளவு சூடாக இருக்கக் கூடாது.

2. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் அல்லது குழி உள்ள இடம், சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக் மூன்றும் கட்டாயம்.

3. முதலில் கழற்ற வேண்டியது, ஆயில் ஊற்றும் மேல் போல்ட். பழைய ஆயிலை வடித்துவிட்ட பிறகு, மேல் போல்ட் துருப்பிடித்துக் கழலாமல் போனால், ஆயில் இல்லாத வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

4. பிறகு கீழ் போல்ட்டைக் கழற்றி, முழுதாக வடிய விட வேண்டும். வடிந்தது எவ்வளவு என்று அளந்து பார்ப்பது நல்லது. மேனுவல் சொல்லும் அளவைவிட மிகவும் குறைவாக இருந்தால், எங்கோ லீக் இருக்கிறது.

5. வாஷர் போட்ட போல்ட் என்றால், புது வாஷர் போட வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டுவிட்டு, கசிகிறது என்று முறுக்கி முறுக்கி அலுமினியக் கூட்டின் மரையைக் கெடுத்துக்கொள்வது தேவையில்லாத செலவு.

6. பக்கவாட்டில் ஊற்றும் துளை உள்ள பல கார்களில், துளையின் விளிம்பு வரை ஆயில் வந்து வழியத் தொடங்கினால் அளவு சரி. வண்டி சாய்ந்து நின்றால் இந்தக் கணக்கு தப்பும்.

வடிந்த ஆயில் சொல்லும் செய்தி

பல கியர்பாக்ஸ்களில் கீழ் போல்ட்டின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம்; துடைத்துவிடலாம். விரலில் நெருடும் துண்டுகளோ, பல் உடைந்த சில்லோ வந்தால் விஷயம் வேறு. ஆயில் மாற்றியதோடு நிறுத்தாமல், கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது முக்கியம். கியர்பாக்ஸின் மேல் பகுதியில் காற்று போக ஒரு சிறு துளையோ குழாயோ இருக்கும். சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் மூழ்கிக் குளிரும்போது, அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்ஜின் ஆயிலை மாற்றி, சீட்டைக் காயவைத்து, அத்தோடு விட்டுவிடுவார்கள். உள்ளே பேரிங்கும் பற்களும் துருப்பிடிப்பது மாதங்கள் கழித்துச் சத்தமாகத்தான் தெரியும். வண்டி அச்சு மூழ்கும் அளவு தண்ணீரில் நின்றிருந்தால், கியர் ஆயிலையும் கிரவுன் ஆயிலையும் வடித்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

எப்போது மாற்றுவது?

நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் கணக்கு மாறும். சில மேனுவல்கள் கிலோமீட்டர், வருடம் இரண்டையும் சொல்லி, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கின்றன. சில, பரிசோதித்தால் போதும் என்கின்றன. மலைப்பாதை, நகர நெரிசல், பாரம் ஏற்றிய ஓட்டம் என்று இருந்தால் கடுமையான பயன்பாட்டுக்கான கணக்கை எடுத்துக்கொள்வது நல்லது.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவர்கள், சர்வீஸ் ரெக்கார்டில் கியர் ஆயில் மாற்றியதற்கான பதிவு இல்லையென்றால், காத்திருக்காமல் ஒருமுறை மாற்றிவிடலாம். முதல் ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதையும் வடிந்த ஆயில் காட்டிக்கொடுக்கும்.

சிறிய கார்கள் பலவற்றுக்கு ஆகும் ஆயில் இரண்டு லிட்டர் அளவுதான். லேபரும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கியர்பாக்ஸை இறக்கி, வளையமும் பேரிங்கும் மாற்றுவது இதைப் போலப் பல மடங்கு செலவு. சொந்தமாக ஒரே ஒரு கார் வைத்து டாக்ஸி ஓட்டுபவருக்கு, வண்டி ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகும். டியூ தேதி மட்டும் தள்ளிப்போகாது.

மாற்றிய பழைய ஆயிலைச் சாக்கடையிலோ, காலி மனையிலோ ஊற்றக் கூடாது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் பெயர் மூன்றையும் மேனுவலின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரியாத இந்த ஆயிலுக்கு, ஞாபகப்படுத்த வேறு வழியில்லை.