அட்வைஸ் வேணாம்... காது கொடுங்க!

சோஷியல் ஒர்க்னு சொன்னதும் நம்ம கேம்பஸ்ல என்ன ஞாபகம் வரும்? என்.எஸ்.எஸ். கேம்ப், மரக்கன்று, பேனர், குரூப் போட்டோ! எல்லாம் நல்ல விஷயம்தான் ஃப்ரெண்ட்ஸ். ஆனா, சோஷியல் ஒர்க்கர்ங்கறது முறையா படிச்சுட்டுப் பார்க்கற வேலை. அது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுக்க, காஞ்சிபுரம் தறிக்குழிப் பக்கம் போகலாம், வாங்க.

காஞ்சிப் பட்டோட ஸ்பெஷலே 'கோர்வை'. உடல் ஒரு கலர், கரை வேற கலர். ரெண்டையும் நெய்யும்போதே கோர்க்கணும். மூணு நாடா ஓடும். பக்கத்துல உட்கார்ந்து ஒரு கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேணும். குறைஞ்ச கூலிக்கு அந்த இடத்துல பல வருஷமா சின்னப் பசங்க உட்கார்ந்தாங்க. கல்யாணம், வைத்தியம்னு வீட்டுல அட்வான்ஸ் வாங்கியிருப்பாங்க. மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்தாத்தான் பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியும். 2003-ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பட்டுத் தொழில் பத்தி வெளியிட்ட அறிக்கையில காஞ்சிபுரமும் இருந்துச்சு.

'ரெய்டு போய் மீட்டுட்டா முடிஞ்சுதே'ங்கறீங்களா? வீட்டுல கடன் அப்படியே இருந்தா, பிள்ளை மறுபடியும் ஏதோ ஒரு தறிக்குத்தான் போகும். சோஷியல் ஒர்க்கரோட நிஜமான வேலை ரெய்டுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. அதுக்கு 'க' வரிசையில நாலு வேணும்.

காது: போனதும் 'ஏம்மா, புள்ளைய ஏன் ஸ்கூலுக்கு அனுப்பல?'ன்னு கேட்டா, அந்த அம்மா அப்புறம் வாயே திறக்க மாட்டாங்க. 'இந்தப் பாவு எப்ப முடியும்? மழைக்குக் குழியில தண்ணி ஊறுதா?'ன்னு ஆரம்பிக்கணும். நாலாவது தடவை போகும்போதுதான் கடன் கதையே வெளிய வரும். அதுவரைக்கும் அட்வைஸுக்கு பெரிய பூட்டு!

கணக்கு: யார்கிட்ட எவ்வளவு வாங்கினாங்க, வாரக் கூலி என்ன, பிள்ளை எழுந்துட்டா அந்த இடத்துல யார் உட்காருவாங்க? அம்மாவை சுய உதவிக் குழுவுல சேர்க்க முடியுமா? நம்ம பாஷையில சொன்னா, பிராப்ளத்தை முழுசா எழுதாம சொல்யூஷன் போடக் கூடாது, பாஸ்!

காகிதம்: கொத்தடிமை முறையை ஒழிக்கற 1976-ம் வருஷச் சட்டப்படி, கொத்தடிமைக் கடன் செல்லாது. இது தெரியாமலேயே பயந்துட்டு இருக்கற குடும்பங்கள் உண்டு. விடுதலைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் அட்மிஷன்னு ஒவ்வொண்ணுக்கும் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கணும். அந்தக் குடும்பம் நம்பிச் சொன்னதை டீக்கடையில பேசாம இருக்கறதும் இந்தத் தொழில்ல முக்கியமான விதி.

கால்: பள்ளிக்கூடமே பார்க்காத 11 வயசுப் பையனை நேரா வகுப்புல உட்கார வெச்சா, வெட்கத்துலயே ஓடிருவான். அதனாலதான் தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டத்துல தனிப் பயிற்சி மையங்கள் நடத்தினாங்க. 2021-ல அந்தத் திட்டம் சமக்ர சிக்ஷாவோட சேர்ந்துடுச்சு. சேர்த்ததோட விடாம, திங்கட்கிழமை பையன் வரலைன்னா அன்னிக்கே வீட்டுக்கு நடக்கணும். இந்தக் கேஸ்ல ஜெயிச்சோமாங்கறது அட்மிஷன் அன்னிக்குத் தெரியாது. அடுத்த வருஷமும் பையன் ஸ்கூல்ல இருக்கானாங்கறதுலதான் தெரியும்.

இதையெல்லாம் முறையா சொல்லித்தர சென்னையில 1952-லயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் தொடங்கினாங்க, மேரி கிளப்வாலா ஜாதவ். எம்.எஸ்.டபிள்யூ. ரெண்டு வருஷப் படிப்பு. கிளாஸோட ஃபீல்டு ஒர்க்கும் கட்டாயம். பல காலேஜ்கள்ல எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் சேரலாம், நம்ம பி.இ. உள்பட!

தறியில பசங்க இருந்த நிலைமை இன்னிக்கு நிறைய மாறியிருக்கு. ஆனா ஹோட்டல்லயோ, மெக்கானிக் ஷெட்லயோ ஒரு சின்னப் பையன் வேலை பார்க்கறது உங்க கண்ணுலயும் படலாம். அப்போ செல்போன்ல போட்டோ எடுக்க வேணாம், முதலாளிகிட்ட சண்டைக்கும் போக வேணாம். பையனை அவசரமா இடம் மாத்திட்டா, தேடிக் கண்டுபிடிக்கறதே கஷ்டமாயிடும். 1098-க்குப் போன் பண்ணி இடத்தைத் தெளிவா சொல்லுங்க. மிச்சத்தை இந்த வேலையைப் படிச்சவங்க பார்த்துக்கட்டும்!