தனித்துக் கற்பார்க்குச் சொல்லே ஆசான்

பள்ளியை விட்டகன்று பத்தாண்டும் இருபதாண்டும் கழிந்த பின்னர்க் கணக்கு நூலை மீண்டும் கையிலெடுப்போர் தமிழகத்திற் பலர். கடலூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடித்து வருவோரும், சிதம்பரத்துக் கடைகளிற் பணிபுரிவோரும், பிள்ளைகள் உறங்கிய பின் நூலை விரிக்கும் தாய்மாரும் அவருள் அடங்குவர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் வினாக்கள் 200; அவற்றுள் 25 திறனறிவு பற்றியன. வட்டியும் விழுக்காடும், வேலையும் நேரமும் எனவரும் அவ்வினாக்கள் பத்தாம் வகுப்பு நிலையினவே. ஆயினும் இயற்கணிதம் என்னும் அடிப்படை தளர்ந்திருப்பின் அக்கதவு எளிதில் திறவாது. கதவுக்கு அப்பால் நிற்பதோ ஒரு குடும்பத்தின் வாழ்வு!

இவர்க்குக் கரும்பலகை இல்லை. ஐயந் தீர்ப்பாரும் இலர். கையிலிருப்பது நூலொன்றே. ஆகலின் அந்நூலிலுள்ள சொல்லே ஆசானாகின்றது. ‘மாறி’ என்ற அளவில் அது மாறுவதென்பதும், ‘மாறிலி’ என்ற அளவில் மாறாததென்பதும், ‘சமன்பாடு’ என்ற அளவில் இருபுறமும் ஒத்து நிற்பதென்பதும் உரை வேண்டாமலே விளங்கும். ‘வேரியபிள்’, ‘கான்சுடன்டு’, ‘ஈக்குவேசன்’ என உருப்போடுவோரோ, முதலிற் சொல்லை உடைத்துப் பின்னரே பொருளைத் தொடுதல் வேண்டும். ஒரே வயலை உழ இருமுறை ஏர் பூட்டும் வீண்வேலை இது.

இத்தமிழ்ச் சொற்கள் தாமாக முளைத்தன அல்ல. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938ஆம் ஆண்டிலேயே கலைச்சொற் றொகுதியொன்றை வெளியிட்டது. 1940ஆம் ஆண்டிற் சென்னை அரசு கலைச்சொல்லாக்கக் குழுவொன்றை அமைத்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய சீனிவாச சாத்திரியாரை அதன் தலைவராக்கியது. அக்குழு வடமொழிப் பக்கம் சாயும் என்று தமிழன்பர் கொதித்தெழுந்தனர். அன்று அவர் வாளாவிருந்திருப்பின், இன்று தனித்துக் கற்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வேற்றுச்சொல்லில் இடறி வீழ்ந்திருப்பார்.

சொல் தமிழாயினும் எழுத்தைக் கண்டு மிரள்வாருளர். நூலில் நிற்கும் அயலெழுத்தே இயற்கணிதம் என்றெண்ணுதல் பிழை. ஒன்பதாம் நூற்றாண்டிற் பாக்தாது நகரில் இக்கலையை வகுத்தெழுதிய அல்குவாரிசுமி, குறியெழுத்து ஒன்றுமின்றிச் சொற்களாலேயே எழுதினார். தெரியாத எண்ணுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் கடையெழுத்துகளை இடும் வழக்கை நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்து, ஆண்டு 1637. ஆகவே எழுத்து உடை, எண்ணமே உடல்.

தமிழர்க்கு அவ்வெண்ணம் புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் கற்ற மண் இது. ஊர்ப்புறத்தார் சொல்லும் கொக்குக் கணக்கையே காண்க. பறக்கும் கூட்டத்தோடு அதேயளவு கூட்டமும், அதிற் பாதியும், அப்பாதியிற் பாதியும், தரையில் நிற்கும் ஒரு கொக்கும் சேர்ந்தால் நூறாம். கூட்டம் எத்துணை? அதனைப் ‘ப’ என்க. இரண்டேமுக்கால் ‘ப’வும் ஒன்றும் சேர்ந்து 100. இருபுறமும் ஒன்றைக் கழிக்க, இரண்டேமுக்கால் ‘ப’ 99 ஆகும். இருபுறமும் நான்காற் பெருக்க, பதினொரு ‘ப’ 396. எனவே ‘ப’ 36. கணக்குத் தெரியாதென்று நாணுவோர் பலர், இதனைத் திண்ணையில் மனத்தாலேயே போட்டவர் வழிவந்தோர் அல்லரோ?

இனிக் குறையையும் கூறுதல் வேண்டும். அரசின் பாடநூல் வகுப்பறைக்கென எழுதப்பட்டது. ஆசிரியர் உடனிருப்பார் என்று நம்பி நடப்பது. ‘மறுபுறம் சென்றாற் குறி மாறும்’ என மனப்பாடம் செய்தவர், இருபுறமும் ஒன்றையே கூட்டுவதோ கழிப்பதோதான் அங்கு நிகழ்கின்றதென்பதை அறியாமலே பள்ளியை முடித்திருப்பர். முதிர்ந்தோர்க்கு வேண்டுவது வேறு நூல். பின்னமும் குறையெண்ணும் அதில் முதலில் வருதல் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஏனென்ற விளக்கம் வேண்டும். விடை மட்டுமன்றி விடைகாணும் வழியும் இறுதியில் இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டுகள் மீன் ஏலத்திலும் நெல்லளவையிலும் கூலிக்கணக்கிலும் எழுதல் வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ஆம் ஆண்டிலேயே தொலைநிலைக் கல்வியைத் தொடங்கி, வீட்டிலிருந்தே பட்டம் பெற வழிதிறந்தது. பட்டத்திற்குத் திறந்த வழி, பட்டத்திற்கு முந்திய அடிப்படைக்கும் திறத்தல் வேண்டாவா? கணக்கறிந்த தமிழாசிரியரும் தமிழறிந்த கணக்காசிரியரும் ஒன்றுகூடி இத்தகு நூலொன்றை எளிய விலையில் ஆக்கித் தருதல் வேண்டும். ஊர்தோறும் நூலகங்களில் கிழமைக்கு ஒரு மாலை, கற்பார் கூடி ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் என்றார் வள்ளுவர். எழுத்துக் கண்ணைக் காக்கப் போராடிய தமிழர், எண் என்னும் கண்ணை மங்க விடலாகாது. தமிழில் எண்ணிப் பழகட்டும் தமிழகம்!